எந்தப் பாடம் எடுப்பது?

நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸைப் பற்றிப் படிக்கப் போய், அவருடைய தமையனார் வில்லியம் ஜேம்ஸிடம் சிக்கிக்கொண்டவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். தம்பியின் நாவல்களில் ஒரு பாத்திரம் ஒரு சாதாரணத் தீர்மானத்துக்கு வருவதற்கே நூறு பக்கம் ஆகும். இப்படியும் மனிதர்கள் தயங்குவார்களா என்று எனக்குத் தோன்றியதுண்டு. அண்ணனின் கடிதங்களைப் படித்த பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. தம்பிக்கு வேண்டிய மாதிரி வீட்டிலேயே இருந்திருக்கிறது.

1863-ஆம் வருஷம் வில்லியமுக்கு 21 வயது. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தார். உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு எழுதிய கடிதத்தில், தம் எதிரே நான்கு வழிகள் இருப்பதாகச் சொல்கிறார். இயற்கை விஞ்ஞானம், வைத்தியம், அச்சுத் தொழில், பிச்சை எடுப்பது ஆகியவையே அந்த நான்கு. வருமானத்தை உத்தேசித்து ஏறுவரிசையில் அடுக்கியிருப்பதாக வேறு ஒரு குறிப்பு! அவர் கணக்கில் டாக்டரைவிட அச்சுக்கூடத்துக்காரருக்கு வரும்படி அதிகம்; அவரைவிடப் பிச்சைக்காரருக்கு இன்னும் அதிகம்.

விளையாட்டாக எழுதியதுதான். ஆனால் அதே சமயத்தில் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் விளையாட்டு இல்லை. வாழ்க்கைத் தொழிலைச் சீக்கிரம் முடிவு செய்தாக வேண்டும், ஆனால் முடிவு செய்வதற்குப் போதுமான விஷயம் யாருக்கும் தெரிவதில்லை, எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கிறது, எது தமக்கு ஒத்துவரும் என்று பரீட்சித்துப் பார்க்கும் அவகாசம் வெகு சிலருக்குத்தான் கிடைக்கிறது என்ற பொருளில் எழுதுகிறார்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்த மறுநாள் நம் வீடுகளில் நடக்கும் விவாதமும் இதுதான் அல்லவா? டாக்டருக்குப் படிக்கப் போகிறோமா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாத பிள்ளை, அந்தக் கதவையும் சாத்திவிடாமல், மற்றக் கதவுகளையும் சாத்திவிடாமல் எப்படிப் பாடம் எடுப்பது? அப்பா ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார். பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டான். இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது வில்லியம் ஜேம்ஸைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சரித்திரத்தில் அவருக்கு ஒரு பங்கு. அவருடைய ரசாயன வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய பங்கு.

முதலில் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். அயர்லாந்திலிருந்து வந்து, நியூயார்க் மாகாணத்தில் ஆல்பனி நகரத்தில் வியாபாரம் செய்து பெரும் பொருள் சேர்த்தவர் பாட்டனார். அவருடைய மகன், நம் ஜேம்ஸ் சகோதரர்களின் தகப்பனார், சிறுவயதில் ஒரு தீ விபத்தில் ஒரு காலை இழந்தவர். பிதுரார்ஜிதம் போதுமான அளவு இருந்ததால் அவர் உத்தியோகம் எதுவும் பார்க்கவில்லை. தத்துவ விசாரம் செய்தார். யாரும் அதிகமாக வாங்காத புத்தகங்களை எழுதினார். "உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், என்ன சொல்வது?" என்று பிள்ளைகள் கேட்டால், தத்துவ ஞானி என்று சொல், சத்தியத்தைத் தேடுகிறவர் என்று சொல், இல்லாவிட்டால் மாணவர் என்று சொல்லிவிடு என்பாராம். பிள்ளைகளுக்கு எவ்வளவு தர்மசங்கடமாக இருந்திருக்கும்!

அந்த மனிதருக்குப் பிள்ளைகள் அவசரப்பட்டு ஏதோ ஒரு தொழிலில் மாட்டிக்கொள்வது பிடிக்காது. நியூயார்க், லண்டன், பாரிஸ், ஜெனீவா, பான் என்று ஊர் ஊராகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு திரிந்தார். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நிலைத்துப் படிக்கவில்லை. வில்லியமுக்கு ஃபிரெஞ்சும் ஜெர்மனும் சரளமாக வந்தன. ஒழுங்கான படிப்பு மட்டும் வரவில்லை.

1860-இல் வில்லியம் ஓவியராவது என்று தீர்மானித்தார். நியூபோர்ட்டில் வில்லியம் மாரிஸ் ஹண்ட் என்ற ஓவியரிடம் சேர்ந்தார். தகப்பனாருக்கு இதில் சம்மதமில்லை. மகன் விஞ்ஞானியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தொழில் எதிலும் மாட்டிக்கொள்ளாதே என்று போதிக்கும் தகப்பனாருக்கும் மகனுடைய தொழில் விஷயத்தில் ஓர் ஆசை இருந்திருக்கிறது, பாருங்கள். ஓராண்டுக்குள் வில்லியமே தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

1861-இல் ஹார்வர்டைச் சேர்ந்த லாரன்ஸ் விஞ்ஞானப் பள்ளியில் ரசாயனம் படிக்கச் சேர்ந்தார். அங்கே ரசாயனம் கற்பித்தவர் சார்லஸ் எலியட். அப்போது அவருக்கு 27 வயதுதான். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். மாணவர் வில்லியமைப் பற்றி எலியட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சுவாரசியமான பையன், பழகுவதற்கு இனியவன், ஆனால் ரசாயனத்தில் முழு மனசு இல்லை, மற்றச் சாஸ்திரங்களுக்கு அடிக்கடி உலாவப் போய்விடுவான் என்பது அவர் அபிப்பிராயத்தின் சாரம். இரண்டு வருஷத்துக்குள் ஜேம்ஸ் ரசாயனத்தை விட்டார். ஜெஃப்ரீஸ் வைமன் என்ற பேராசிரியரிடம் உடற்கூறும் உடலியலும் படித்தார். அந்தச் சமயத்தில் எழுதியதுதான் பிச்சைக்காரக் கடிதம்.

கடைசியில் 1864-இன் தொடக்கத்தில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். இயற்கை விஞ்ஞானத்தில் மனசு இருந்தது. ஆனால் அதில் குடும்பம் நடத்த முடியுமா என்ற பயமும் இருந்தது. வைத்தியம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. உயிரைப் பற்றிய படிப்பும் ஆயிற்று, சோற்றுக்கு வழியும் ஆயிற்று என்று எண்ணினார். இன்றைக்கும் முக்கால்வாசிப் பேர் இப்படித்தானே எண்ணுகிறார்கள்?

சேர்ந்த சில வாரங்களில் அவர் எழுதிய அபிப்பிராயம் பிரசித்தமானது. இந்தத் தொழிலில் போலித்தனம் நிறைய இருக்கிறது, ரண சிகிச்சையைத் தவிர மற்றபடி டாக்டர் பக்கத்தில் வந்து நிற்பதால் நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஏற்படும் தைரியமே அவர் செய்யும் உபகாரம், அதற்கு மேல் பணமும் வாங்கிக்கொள்கிறார் என்பது அதன் கருத்து. இது இளைஞரின் துடுக்கு அல்ல. அந்தக் கல்லூரியின் உடற்கூறுப் பேராசிரியரான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸே 1860-இல் ஒரு பிரசங்கத்தில், அப்போது வழங்கிய மருந்துகளில் பெரும்பாலானவற்றைக் கடலில் கொட்டினால் மனிதர்களுக்கு நல்லது, மீன்களுக்குத்தான் கெடுதல் என்று சொல்லியிருந்தார்.

அந்தக் கல்லூரியின் லட்சணத்தையும் கேளுங்கள். சேருவதற்கு முன் எந்தப் பட்டமும் வேண்டாம்; நுழைவுப் பரீட்சை கிடையாது. கட்டணம் கட்டினால் போதும். குளிர்காலத்தில் நான்கு மாதம் பிரசங்கம் கேட்க வேண்டும். மறு வருஷம் வந்து அதே பிரசங்கத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும். மற்றக் காலத்தில் ஒரு டாக்டரிடம் சீடராக இருந்ததாகச் சான்று வேண்டும். முடிவில் வாய்மொழிப் பரீட்சை ஒன்று. ஒன்பது பேராசிரியர்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம், ஆகத் தொண்ணூறு நிமிஷம். ஒன்பது பேரில் ஐந்து பேர் சரி என்றால் டாக்டர் பட்டம். நான்கு பாடத்தில் ஒன்றும் தெரியாதவனும் அடுத்த நாள் பெயர்ப்பலகை மாட்டலாம்!

தயங்குகிற மாணவனுக்கு இதைவிட வசதியான கல்லூரி இருக்க முடியாது. ஜேம்ஸ் அந்த வசதியைப் பூரணமாக உபயோகித்துக்கொண்டார். 1865 ஏப்ரலில் படிப்பை அப்படியே நிறுத்திவிட்டு, லூயி அகாசி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியுடன் பிரேஸிலுக்குக் கப்பலேறினார். அமேசான் நதியில் மீன்கள் சேகரிப்பது அந்தக் குழுவின் வேலை. டார்வினுடைய கொள்கை தவறு என்று நிரூபித்துவிடலாம் என்பது அகாசியின் நம்பிக்கை. ரியோ நகரத்தில் ஜேம்ஸுக்கு லேசான பெரியம்மை கண்டு, சிறிது காலம் கண் பார்வையே தெரியவில்லை. படுக்கையில் கிடந்தபடி தகப்பனாருக்கு எழுதினார். தாம் வந்தது பிசகு என்றும், தமக்கு ஏற்றது சிந்தனை வாழ்க்கையே என்றும் கண்டுகொண்டதாகச் சொன்னார். உடம்பு தேறியதும் மறுபடி மீன் பிடிக்கப் போனார். ஆனால் சேகரிக்கும் வேலை தமக்கு அறவே பிடிக்காது என்பது உறுதியாகிவிட்டது.

அந்தப் பயணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அகாசியிடம் ஜேம்ஸ் ஒரு விஷயத்தைக் கற்றார். பொதுவாகப் பேசுவது வேறு, கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளை அதன் முழு விவரத்தோடு பார்ப்பது வேறு என்ற அந்தப் பாடத்துக்கு ஆயுள் முழுவதும் நன்றி பாராட்டினார். இயற்கை விஞ்ஞானம் தமக்கு உரிய தொழில் அல்ல என்று தெரிந்ததும் ஒரு லாபந்தான். நான்கு வழியில் ஒரு வழி கழிந்தது.

1866-இல் திரும்பி வந்து வைத்தியக் கல்லூரியில் தொடர்ந்தார். சில காலம் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். முதுகுவலி வந்தது. கண்ணும் தொந்தரவு கொடுத்தது. மனசு அவற்றைவிட மோசமாக இருந்தது. 1867-இல் மறுபடி படிப்பை நிறுத்திவிட்டு ஜெர்மனிக்குப் போனார். வெந்நீர் ஊற்றுகளில் குளித்தார். பெர்லினில் உடலியல் பிரசங்கங்கள் கேட்டார். நரம்பு மண்டலத்தின் வேலைக்கும் மனத்தின் வேலைக்கும் நடுவே ஒரு புதிய சாஸ்திரம் பிறக்கப் போகிறது என்பதை அங்கே மோப்பம் பிடித்தார்.

1868 இறுதியில் ஊர் திரும்பி, 1869 ஜூனில் பரீட்சைக்குப் போனார். ஹோம்ஸ் ஒரு நுட்பமான நரம்பைப் பற்றிக் கேள்வி கேட்டாராம். ஜேம்ஸுக்கு அது தற்செயலாகத் தெரிந்திருந்தது. "இது தெரிந்தால் உனக்கு எல்லாம் தெரிந்த மாதிரிதான். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்ற தோரணையில் பேசிப் பரீட்சையை முடித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வில்லியம் ஜேம்ஸ் டாக்டரானார். படித்துப் பெற்ற பட்டம் அவருக்கு அது ஒன்றுதான். ஒரு நாளும் வைத்தியம் செய்யவில்லை.

அடுத்த மூன்று வருஷங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. 28 வயதில், கையில் பட்டத்தோடு, தகப்பனார் வீட்டில் நோயாளியாகக் கிடந்தார். மனிதன் வெறும் நரம்புகளின் விளையாட்டுத்தானா, அவனுக்கென்று ஓர் இச்சை கிடையாதா என்ற கேள்வி அவரைத் தின்றது. தற்கொலை எண்ணம்கூட வந்ததுண்டு. 1870 ஏப்ரல் 30-ஆம் தேதி, ரெனூவியே என்ற ஃபிரெஞ்சுத் தத்துவாசிரியரைப் படித்துவிட்டு நாட்குறிப்பில் ஒரு தீர்மானம் எழுதினார். மனிதனுக்குச் சுதந்திரமான இச்சை உண்டு என்று நம்புவதையே தம்முடைய சுதந்திர இச்சையின் முதல் காரியமாக வைத்துக்கொள்வது என்பதே அது. பத்து வருஷமாக எதையும் தீர்மானிக்க முடியாமல் தவித்தவர், தீர்மானிக்க முடியும் என்று நம்புவதாகத் தீர்மானித்தார்!

இனிமேல்தான் பழைய ரசாயன வாத்தியார் வருகிறார். எலியட் 1863-இல் ஹார்வர்டில் எதிர்பார்த்த உயர்வு கிடைக்காமல் வெளியேறி, ஐரோப்பாவில் கல்லூரிகள் எப்படி நடக்கின்றன என்று சுற்றிப் பார்த்தார். 1869-இல், ஜேம்ஸ் டாக்டரான அதே வருஷத்தில், 35-ஆம் வயதில், ஹார்வர்டின் தலைவராகவே திரும்பி வந்தார். நாற்பது வருஷம் அந்த ஆசனத்தில் இருந்தார்.

அவர் செய்த காரியங்களில் இரண்டு நம் விஷயத்துக்கு முக்கியம். முன்பெல்லாம் ஹார்வர்டில் மாணவன் என்ன படிப்பது என்ற பேச்சே எழாது. கிரேக்கம், லத்தீன், கணிதம் என்று கல்லூரி போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். எலியட் அந்தப் பந்தியை மாற்றினார். 1872-இல் கடைசி வகுப்புக்கும், 1879-இல் மூன்றாம் வகுப்புக்கும், 1884-இல் இரண்டாம் வகுப்புக்கும் கட்டாயப் பாடங்களை எடுத்துவிட்டார். மாணவன் தனக்கு வேண்டிய பாடங்களைத் தானே தேர்ந்தெடுக்கலாம். ஜேம்ஸ் திருட்டுத்தனமாகச் செய்த உலாவலை எலியட் சட்டமாக்கிவிட்டார் என்றே சொல்லலாம்.

இரண்டாவது காரியம் இதற்கு நேர் எதிரானது. வைத்தியக் கல்லூரியில் இருந்த சுதந்திரத்தையெல்லாம் பிடுங்கினார். 1871-இல் படிப்பு மூன்று வருஷமாயிற்று. ஒவ்வொரு வருஷமும் ஒன்பது மாதம், படிப்படியான பாடங்கள், எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும், எழுத்துப் பரீட்சை உண்டு. பிகலோ என்ற பெரிய ரண சிகிச்சை நிபுணர் சீறினார். மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுதவே தெரியாது, எழுத்துப் பரீட்சை எப்படி நடத்துவது என்று கேட்டார். எண்பது வருஷமாக நன்றாக நடந்த கல்லூரியை இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேள்வி எழுந்தபோது, புதிய தலைவர் வந்திருக்கிறார் என்பதே காரணம் என்று எலியட் அமைதியாகப் பதில் சொன்னாராம்.

இரண்டும் ஒரே மனிதர் செய்த வேலைதான். எந்தப் பாடம் எடுப்பது என்ற கேள்விக்கு உயிர் கொடுத்தது இந்த இரண்டும் சேர்ந்துதான். கல்லூரியில் தேர்ந்தெடுக்கச் சுதந்திரம் இல்லாத காலத்தில் கேள்வி இல்லை. வைத்தியக் கல்லூரி யாரையும் சேர்த்துக்கொண்ட காலத்திலும் கேள்வி இல்லை. ஒருபக்கம் இஷ்டப்படி எடு என்று சொல்லி, மறுபக்கம் இன்னின்ன படித்திருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொன்ன பிறகுதான், பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் கெட ஆரம்பித்தது.

ஜேம்ஸின் கதையும் எலியட் கையில்தான் திரும்பியது. அந்தக் கவனமில்லாத ரசாயன மாணவனை எலியட் மறக்கவில்லை. உடலியல் கற்பிக்க அழைத்தார். 1873 ஜனவரியில் ஜேம்ஸ் வகுப்பில் நுழைந்தார், உடம்பு தேறியது. 1875-இல் உடலியலோடு மனோதத்துவத்தையும் சேர்த்துக் கற்பித்தார். தாம் கேட்ட முதல் மனோதத்துவப் பிரசங்கம் தாம் செய்த பிரசங்கமே என்று பிறகு வேடிக்கையாகச் சொல்வார். உண்மைதான். அந்தப் பாடத்துக்கு அந்த ஊரில் முன் மாதிரி இல்லை. 1878-இல் இரண்டு வருஷத்தில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட மனோதத்துவப் புத்தகத்தை 1890-இல், பன்னிரண்டாவது வருஷத்தில், இரண்டு பெரிய பாகங்களாகக் கொடுத்தார். அவர் சுபாவத்துக்கு அது சீக்கிரந்தான்!

எண்ணங்கள் சங்கிலிக் கண்ணிகள் போலத் துண்டு துண்டாக வருவதில்லை, ஆறு போல ஓடுகின்றன என்று அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. நம் விமரிசகர்கள் நனவோடை உத்தி என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரின் ஊற்று அங்கேதான். துக்கம் வந்ததால் அழுகிறோம் என்பது சரியல்ல, அழுவதை உணர்வதே துக்கம் என்று 1884-இல் அவர் எழுதிய கட்டுரையும் எங்களைப் போன்ற கதை எழுதுகிறவர்களை யோசிக்க வைப்பது. உடம்பை அறுத்துப் பார்த்துப் படித்த ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றும். ஓவியக் கண், வைமனின் உடற்கூறு, அகாசியின் மீன், பெர்லினின் நரம்பு எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன.

கதையை இங்கே நிறுத்தினால் வாசகர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். தயங்கு, அலைந்து திரி, கடைசியில் எல்லாம் நன்மையில் முடியும் என்று ஒரு நீதியும் கிடைத்துவிடும். ஆனால் ஜேம்ஸுடைய மாணவி ஒருத்தியின் கதை அந்த நீதியைச் சும்மா விடாது.

கெர்ட்ரூட் ஸ்டைன் 1893-இல் ஹார்வர்டின் பெண்கள் பிரிவில் சேர்ந்தாள். மறு வருஷம் அது ராட்கிளிஃப் கல்லூரி என்று பெயர் பெற்றது. ஜேம்ஸிடம் அவளுக்கு அபார பக்தி. ஒரு பரீட்சையில், இன்றைக்குத் தத்துவப் பரீட்சை எழுத மனசில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனதாகவும், எனக்கும் அடிக்கடி அப்படித்தான் இருக்கும் என்று பதில் எழுதி ஜேம்ஸ் உயர்ந்த மார்க் போட்டதாகவும் 1933-இல் வெளிவந்த புத்தகத்தில் அவளே எழுதியிருக்கிறாள். அடுத்து என்ன படிப்பது என்று கேட்டபோது, மனோதத்துவத்தில் ஈடுபட வேண்டுமானால் வைத்தியம் படி என்றார் குரு. தாம் நடந்த பாதையைத்தானே எந்தக் குருவும் காட்டுவார்?

1897-இல் அவள் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தாள். அது குரு படித்த மாதிரியான கல்லூரி அல்ல. 1893-இல் திறந்தபோதே, பட்டம் பெற்றவர்களுக்குத்தான் இடம் என்று அறிவித்தது. ரசாயனம், பௌதிகம், உயிரியல் தெரிந்திருக்க வேண்டும். ஃபிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கத் தெரிய வேண்டும். ரயில்வே அதிபர் ஒருவரின் மகளான மேரி காரெட் என்ற சீமாட்டி மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, பெண்களையும் ஆண்களோடு சமமாகச் சேர்க்க வேண்டும், இந்தத் தகுதியைக் குறைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தாள். அங்கே பேராசிரியராக இருந்த ஆஸ்லர், நாம் ஆசிரியராக நுழைந்தது நல்லதாயிற்று, மாணவராக நமக்கு இடம் கிடைத்திருக்காது என்று சகாவிடம் சொன்னாராம்.

ஸ்டைன் முதல் இரண்டு வருஷம் சோதனைச்சாலையில் நன்றாகவே படித்தாள். அவள் மூளையில் செய்த ஆராய்ச்சியை 1899-இல் ஒரு பெரிய பாடப் புத்தகம் எடுத்துக்காட்டியது. பிறகு ஆஸ்பத்திரி வேலை வந்தது. சலித்துவிட்டாள். பெண்குலத்தின் பெயரை நினைத்தாவது படி என்று தோழி கெஞ்சினாள். சலிப்பு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது என்பதுதான் ஸ்டைனின் பதில். 1901-இல் பட்டம் இல்லாமல் வெளியேறினாள். பிரசவம் பார்க்கப் போன நீக்ரோ மக்களின் தெருக்கள் மட்டும் மனசில் நின்றன. 1909-இல் வெளிவந்த அவளுடைய முதல் கதைப் புத்தகத்தில் அந்தத் தெருக்களும் ஒரு நீக்ரோ டாக்டரும் வருகிறார்கள்.

குருவும் சிஷ்யையும் ஒரே சுபாவம். குருவுக்குக் கல்லூரி வளைந்து கொடுத்தது. நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தும் டாக்டர் பட்டம் கிடைத்தது. சிஷ்யைக்கு வளையவில்லை. வளையாமலிருந்தது தப்பா? அப்படிச் சொல்லவும் நமக்கு வாய் வராது. நான்கு பாடத்தில் தோற்ற டாக்டரிடம் நம் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டுவோமா?

மற்றது சுருக்கமான கதை. ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர், தாம் டாக்டரல்லாதவர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து 1910-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஜேம்ஸ் காலமானதும் அதே வருஷந்தான். கல்லூரியில் குறைந்தது இரண்டு வருஷம் பௌதிகம், ரசாயனம், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்றது அறிக்கை. போலிக் கல்லூரிகள் பல மூடின. நீக்ரோ மாணவர்களுக்கென இருந்த ஏழில் இரண்டுதான் தப்பின. ஏழைக்கும் கறுப்பருக்கும் பெண்ணுக்கும் டாக்டர் படிப்பு இன்னும் எட்டாமல் போயிற்று. 1928-இல் அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான தகுதிப் பரீட்சை வந்தது. அங்கே இன்றும் சரித்திரமோ சங்கீதமோ முக்கியப் பாடமாக எடுத்துக்கொண்டு டாக்டராகலாம். ஆனால் உயிரியலும் பௌதிகமும் இருவகை ரசாயனமும் பக்கத்திலேயே படித்திருக்க வேண்டும். ஆகவே தயங்குகிற பிள்ளை, நுழைவோமா என்று தெரியாத வீட்டுக்கு முன்கூட்டியே வாடகை கட்டிக்கொண்டிருக்கிறான்.

தயங்கித் தயங்கி ஜேம்ஸ் எட்டிய சாஸ்திரமும் தப்பவில்லை. 2015-இல் அந்தத் தகுதிப் பரீட்சையில் மனோதத்துவத்தையும் சேர்த்துவிட்டார்கள். இப்போது டாக்டராக விரும்பும் அமெரிக்கப் பிள்ளைகள், அழுகையைப் பற்றி ஜேம்ஸ் சொன்னதை மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறார்கள்!

ஜேம்ஸின் தயக்கத்தைப் போற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எழுத வேண்டும். அந்தத் தயக்கத்தின் செலவை ஆல்பனிப் பாட்டனார் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தம்பிகள் இருவர் உள்நாட்டு யுத்தத்துக்குப் போனார்கள். வில்க்கி 1863-இல் படுகாயத்தோடு வந்தான். பாப் பிறகு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்தான். தங்கை ஆலிஸ் அண்ணன்மாருக்குச் சளைக்காத புத்திசாலி என்பதற்கு அவளுடைய நாட்குறிப்பே சாட்சி. எந்தப் பாடம் எடுப்பது என்று அவளை ஒருவரும் கேட்கவே இல்லை. பரீட்சித்துப் பார்க்கும் அவகாசம் வெகு சிலருக்குத்தான் என்று 21 வயதில் தாயாருக்கு எழுதினாரே, அந்த வெகு சிலரில் அவர் ஒருவர்.

எலியட் செய்த முதல் காரியத்தை நான் மதிப்பது இதனால்தான். பாட்டனார் சொத்து இல்லாத பிள்ளைக்கும், கல்லூரியின் நான்கு வருஷத்துக்குள்ளாவது, அந்த அவகாசத்தில் ஒரு சிறு பங்கை அவர் கொடுக்கப் பார்த்தார். இரண்டாவது காரியத்தையும் மதிக்கிறேன். அது நோயாளிக்காகச் செய்தது. முதலாவதை இரண்டாவது முழுக்க விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெற்றோர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியது. டாக்டர் கதவுக்கு வேண்டிய பாடங்களைப் பிள்ளை படிக்கட்டும், குற்றமில்லை. அதோடு எந்தக் கதவுக்கும் உதவாத ஒரு பாடத்தையும் அவன் தொட்டுப் பார்க்கட்டும். பரீட்சை முடிந்த பிறகு எந்தப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போடாமல் அலமாரியில் வைத்துக்கொள்கிறான் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மார்க்குப் பட்டியல் சொல்லாத விஷயம் அதில் தெரியலாம். மாமாவிடம் யோசனை கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.